பெரிய பூனை, நீள முடி: தினமும் என்ன செய்ய வேண்டும்

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு ராத்திரி, எங்கள் பூனை துரைக்கு முடி வாரிக்கொண்டிருந்தேன். வாரி முடித்து சும்மா முதுகைத் தடவினால் முதுகெலும்பு கணுக் கணுவாக விரலில் தட்டுப்பட்டது. அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு வந்த சித்தி, "என்னடி இது, ஆட்டுக்குட்டி கணக்கா வளர்ந்து நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பார்க்க அவன் அப்படியேதான் இருந்தான். கழுத்தைச் சுற்றிப் பிடரி, குஞ்சம் போல வால், எதிலும் குறைவில்லை. எடை பார்த்தால் 6.5 கிலோ. ஆறு மாதம் முன்பு தடுப்பூசிக்குப் போனபோது 7.4 இருந்தான். கிட்டத்தட்ட ஒரு கிலோ கரைந்திருக்கிறது, வீட்டில் நான்கு பேர் இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மறுநாள் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று ஈறுக்கடியில் அரித்துப் போயிருந்தது. வலி தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறான். பல்லை எடுத்த பிறகு இரண்டு மாதத்தில் தேறிவிட்டான்.

அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மேலோட்டமாக பிரஷ் போட்டுவிடுவதோடு சரி. அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு நாள்கூட விட்டதில்லை. நீள முடிப் பூனை வளர்க்கிறவர்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: அந்த முடி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். உடம்பு இளைத்தது, கட்டி, புண், உண்ணி, சிரங்கு, எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கை வைத்தால்தான் தெரியும். தினமும் முடி வாருவது அழகுக்கு என்று நினைத்தால் நான்கு நாளில் அலுத்துவிடும். கையால் உடம்பைப் பார்ப்பதற்காக வாருகிறோம் என்று நினைத்தால் விடமாட்டீர்கள். கீழே சொல்வதெல்லாம் வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீட்டில் நாங்கள் நடைமுறையில் செய்வது.

துரை மெய்ன் கூன் வகை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மெய்ன் மாநிலம்தான் இதன் பூர்வீகம், 1985 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனையும் இதுதான். அங்கே மாதக்கணக்கில் பனி கிடக்கும். அதற்கேற்ற உடம்பு இது: தோளில் முடி குட்டை, வயிற்றிலும் பின்தொடையிலும் நீளம், உள்ளே பஞ்சு போல இன்னொரு அடுக்கு, பாதத்தில் விரலுக்கு விரல் குஞ்சம். ஆண் பூனை சாதாரணமாக 6 முதல் 8 கிலோ வரும், சிலது அதையும் தாண்டும். மற்றப் பூனைகள் ஒரு வருடத்தில் வளர்ந்து முடித்துவிடும், இது மூன்று நான்கு வருடம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பெர்ஷியன் வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: தட்டை முகம் என்பதால் கண்ணீர் வழிந்து மூக்கோரம் பழுப்பாகக் காய்ந்துவிடும், அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைக்க வேண்டும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.

சிக்கெடுப்பது

நேரம் அதிகம் போவது இதில்தான், அதாவது ஒரு பத்து நிமிடம். கடைக்குப் போனால் பத்து விதமான பிரஷ் எடுத்துக் காட்டுவார்கள், மயங்க வேண்டாம். ஒரு ஸ்டீல் சீப்பு, ஒரு பாதியில் பல் அகலமாகவும் மறு பாதியில் நெருக்கமாகவும் இருப்பது. மெல்லிய வளைந்த கம்பிகள் வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. அப்புறம் நம் வீட்டிலேயே கிடக்கும் பேன் சீப்பு. இவ்வளவு போதும். உள்முடியை இழுத்து எடுக்கிற பிளேடு வைத்த கருவியை வாங்கினீர்கள் என்றால் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் தொடாதீர்கள், ஒரே இடத்தில் அழுத்தி இழுத்தால் தோல் சிவந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு அம்மா தலை சிக்கெடுப்பாரே, அதே முறைதான். வேர்ப்பக்கத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் பிள்ளை அழும், பூனை கடிக்கும். மேல்முடியை மட்டும் நீவிவிட்டு வாரியாயிற்று என்று எழுந்துவிடக் கூடாது. சிக்கு விழுவது அடியில், தோலை ஒட்டி. அதனால் தலையில் வகிடு எடுப்பது போல ஒரு கையால் முடியை ஒதுக்கி, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து சீப்பை வெளிப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு விரற்கடை தள்ளி அடுத்த வகிடு.

எடுத்த எடுப்பில் வயிற்றில் கை வைக்காதீர்கள். தாடை, கன்னம், கழுத்து என்று அதற்குப் பிடித்த இடத்தில் தொடங்குங்கள், பிறகு முதுகு, பிறகு விலா. சிக்கு விழும் இடங்கள் எல்லாப் பூனைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், வயிறு, பின்தொடையின் உள்பக்கம், வாலடி. கழுத்துப்பட்டை போட்டிருந்தால் அதற்கடியிலும் விழும். நேரமே இல்லாத நாளில் இந்த இடங்களை மட்டுமாவது சீப்பால் தொட்டுவிடுங்கள். வால் நுனி படக் படக்கென்று அடிக்க ஆரம்பித்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ, காது பின்னால் மடிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிட்டு ஒரு துண்டு வேகவைத்த சிக்கன் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னும் இரண்டு இழுப்பு என்று பிடித்து வைத்தால் நாளைக்குச் சீப்பைப் பார்த்ததுமே கட்டிலுக்கடியில் போய்விடும்.

சின்னச் சிக்கு விழுந்துவிட்டதா, தண்ணீர் விடாதீர்கள், நனைந்தால் அது இன்னும் இறுகும். கார்ன்ஃப்ளவர் மாவு ஒரு சிட்டிகை தூவி, சிக்கை இரண்டு கை விரலாலும் பிரித்துப் பிரித்துத் தளர்த்துங்கள், பூச்சரத்தில் முடிச்சவிழ்க்கிற பொறுமை வேண்டும். தளர்ந்த பிறகு சீப்பின் ஓரப் பல்லால் நுனியிலிருந்து எடுக்கலாம். எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது முடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு தூசியைச் சேர்க்கும், பூனை அதை நக்கியே தீரும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரும் வேண்டாம், மூச்சுக்குள் போகும்.

கத்தரிக்கோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிக்கு தோலை ஒட்டி இறுகிவிட்டால் அதற்கடியில் இருக்கிற தோல் கூடாரம் போல மேலே எழும்பி சிக்குக்குள்ளேயே வந்துவிடும். பூனையின் தோல் மெல்லியது. முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முடியை வெட்டுகிறோம் என்று நினைத்துத் தோலை வெட்டி, தையல் போட ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இறுகின சிக்கை டாக்டரிடமோ பழக்கப்பட்டவரிடமோ கொண்டுபோய் மெஷினால் எடுப்பதுதான் சரி, பூனை முரண்டு பிடித்தால் டாக்டரே மயக்கம் கொடுத்துச் செய்வார்.

அதற்காக வெயில் வந்துவிட்டது என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். துரைக்கு ஒன்றரை வயதில் வந்த முதல் கோடையில் ஒரு கடையில் "வெயிலுக்கு நல்லதுங்க, குளிர்ச்சியா இருக்கும்" என்றார்கள், நாங்களும் சரி என்றோம். தலையும் வாலும் தவிர மொத்தமும் எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். ஜன்னல் வெயிலில் படுத்துப் படுத்து முதுகுத் தோல் சிவந்துவிட்டது. முடி பழையபடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, அதுவும் திட்டுத் திட்டாக. சிக்கில்லாத, காற்றுப் புகும் முடி பூனைக்கு வெயிலைத் தடுக்கும். சிக்குப் பிடித்த முடிதான் கம்பளி மாதிரி உள்ளே சூட்டை அடைத்து வைக்கும். கோடைக்குச் செய்ய வேண்டியதும் வாருவதுதான்.

வாரும்போதே கை பார்க்க வேண்டியவை

சீப்பு ஒரு கையில் இருக்க, மறு கை சும்மா இருக்கக் கூடாது. விலா எலும்பின் மேல் விரலை வைத்து லேசாக ஓட்டிப் பாருங்கள். உங்கள் கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி இருந்தால் சரியான உடம்பு. மூடிய கைமுட்டியின் கணு மாதிரி துருத்தினால் இளைத்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே தெரியாமல் மெத்தென்று இருந்தால் கொழுத்துவிட்டது. வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள்: முதலில் நீங்கள் மட்டும், பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு, கழித்தால் எடை. நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். 7 கிலோ பூனை ஒரு மாதத்தில் காரணமில்லாமல் 350 கிராம் இறங்கினால் அது பெரிய இறக்கம், டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

காதுக்குள் ஒரு பார்வை. டிகாஷன் இறக்கின பிறகு ஃபில்டரில் தங்குகிற காப்பித்தூள் மண்டி மாதிரி கறுப்பாக இருந்தால் காதுப் பூச்சியாக இருக்கலாம். சுத்தமாக இருந்தால் கையே வைக்காதீர்கள், பட்ஸ் விட்டுக் குடைவது கெடுதல். பேன் சீப்பால் வாலடியில் நான்கு இழுப்பு இழுங்கள். கறுப்பு மணல் போல ஏதாவது வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, மருந்து போடும் நேரம் வந்துவிட்டது. வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாகத் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். நீள முடிப் பூனைகளுக்கு இது சீக்கிரம் பிடிக்கும், சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். மனிதர்களுக்கும் ஒட்டும், அதனால் வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

வாயை மறக்காதீர்கள், நான் மறந்து பட்டதுதான் முதலில் சொன்னது. மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினால் பக்கவாட்டுப் பல்லும் ஈறும் தெரியும். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், பல்லடியில் சிவப்புக் கோடு ஓடினால் கவனியுங்கள். பூனைக்கென்று விற்கும் பேஸ்ட்டை விரலில் தடவி வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும். நம் பேஸ்ட் கூடாது, அதற்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. நகம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நுனியில் இருக்கிற வெளிறிய கொக்கியை மட்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் சதை, அதைத் தொட்டுவிடக் கூடாது.

அடுத்து பின்பக்கம். நீள முடிப் பூனை வீட்டில் பாதிப் பிரச்சினை இங்கேதான். பின்தொடையில் பைஜாமா மாதிரி தொங்குகிற முடியில் மலம் ஒட்டிக்கொள்ளும், அதை அது நக்கும், நக்காவிட்டால் சோபாவில் தேய்க்கும். தினமும் ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, உடனே ஈரம் போகத் துவட்டிவிடுங்கள். ஆசனவாயைச் சுற்றி முடியைக் குட்டையாக வைப்பது நல்லது, முதல் தடவை டாக்டரிடம் செய்துகொண்டு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி ஒட்டுகிறது என்றால் முடியைக் குறை சொல்லிப் பயனில்லை, மலம் இளகிப் போகிறது, சாப்பாட்டைப் பாருங்கள். பாதத்து விரலிடுக்கில் வளரும் குஞ்சமும் அப்படித்தான், மொசைக் தரையில் வழுக்கும், மணலை வீடெல்லாம் இழுத்துவரும். முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் அடிப்பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடலாம், அதற்கு மேல் உள்ளே நுழைய வேண்டாம்.

மணல் தொட்டி

கடையில் பூனைக்கென்று விற்கிற தொட்டி இந்த உடம்புக்குப் பத்தாது. மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். துணிமணி அடுக்கி வைக்க மூடியோடு பெரிய பிளாஸ்டிக் பெட்டி விற்பார்களே, அதை வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டின விளிம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டோம், நான்கு வருடமாக அதுதான் ஓடுகிறது. மணல் மூன்று விரல் ஆழம். காலையும் இரவும் அள்ள வேண்டும். ஒரு பூனை இருந்தால் இரண்டு தொட்டி, இரண்டு இருந்தால் மூன்று.

அள்ளும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு அவசரமாக அள்ளாதீர்கள், கட்டியாகும் மணலில் எத்தனை கட்டி, எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் எலுமிச்சை அளவில் இருந்த கட்டி ஆரஞ்சு அளவுக்குப் போனால் சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்க வேண்டும். அதைவிட அவசரமானது இது: ஆண் பூனை தொட்டிக்குள் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமலோ, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தாலோ, அந்த நிமிடமே கிளம்புங்கள், ராத்திரி என்றாலும். அடைப்பு முழுதாக விழுந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சாப்பாடு, தண்ணீர், முடி உருண்டை

நம் வீடுகளில் பூனை என்றால் பாலும் தயிர்சாதமும் மீன் தலையும்தான் நினைவுக்கு வரும். வளர்ந்த பூனைகளில் நிறையவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு இளகும், அப்புறம் முன்னால் சொன்ன பைஜாமாக் கதை. பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் (இந்த இதய நோயின் காரணம் 1987-இல்தான் தெரியவந்தது, அதன் பிறகு பூனை உணவுகளில் டாரினைக் கூட்டினார்கள்). வீட்டுச் சாப்பாடு மட்டுமே போடுகிறவர்கள் ஒரு டாக்டரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முறை: காலையும் இரவும் 85 கிராம் ஈர உணவு பாக்கெட் ஒவ்வொன்று, நடுவில் உலர் உணவு தராசில் நிறுத்துப் போட்டது, எப்போதாவது உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த சிக்கன். குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவது வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குத்தும்.

தட்டு அகலமான எவர்சில்வர் தட்டாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்குத் தங்கும், தாடையடியில் கறுப்புக் கறுப்பாகப் பரு வரும், பிடரி முடியில் அது வெளியே தெரியவும் செய்யாது.

தண்ணீர் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 மில்லி, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. அப்படியென்றால் துரைக்கு 350. ஈர உணவில் முக்கால் பங்கு தண்ணீர்தான், உலர் உணவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் உலர் உணவை மட்டும் போட்டு வளர்க்க நான் சம்மதிக்க மாட்டேன், முக்கியமாக ஆண் பூனைக்கு. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு வேறு மூலையில் இரண்டு மூன்று வையுங்கள், குடிப்பது கூடும். துரை மண்சட்டியில் ஊற்றினால்தான் அதிகம் குடிக்கிறான்.

பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்பக்கமாக வளைந்தவை, நக்குகிற முடி துப்ப வழியில்லாமல் உள்ளேதான் போகும். நாம் சீப்பால் எடுக்கிற ஒவ்வொரு கொத்தும் அதன் வயிற்றுக்குப் போகாமல் தப்பியது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை முடி உருண்டை கக்கினால் பயப்பட வேண்டாம். அடிக்கடி என்றால் டாக்டரிடம் கேட்டு அளவு தெரிந்துகொண்டு ஈர உணவில் இசப்கோல் கலந்து கொடுக்கலாம். ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வராமல், சாப்பிடாமல், சுருண்டு படுத்தால் அடைப்பாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். பொதுவாகவே பெரிய பூனை ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடவில்லை என்றால் போன் செய்துவிட வேண்டும். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

கத்திரி வெயிலும் அடைமழையும்

பூனையின் சாதாரண உடல் சூடு 38 முதல் 39.2 டிகிரி. வியர்ப்பது பாதத்தில் மட்டும், அது எந்த மூலைக்கு? மே மாதத்தில் காலை 11 முதல் மாலை 5 வரை துரை இருக்கிற அறையில் ஏசி 26-இல் ஓடும். மின்சாரம் போய்விட்டால் குளியலறைத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்போம், தானாகப் போய்ப் படுத்துக்கொள்வான். விளையாட்டு, வாருதல் எல்லாம் விடியற்காலை அல்லது ராத்திரி. நாய் வாயைத் திறந்து இரைப்பது சாதாரணம், பூனை அப்படி இரைத்தால் சாதாரணமில்லை. உடனே குளிர்ந்த இடத்துக்குத் தூக்கிப் போய், பாதம், காது, வயிற்றுப் பக்கத்தைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறியைப் போட்டு, அப்படியே டாக்டரிடம். ஐஸ் தண்ணீரைத் தலையோடு ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் பிரச்சினை ஈரம். குளிப்பாட்டுவது ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும், குளிப்பாட்டும் முன்பு கட்டாயம் சிக்கெடுத்திருக்க வேண்டும். பூனை ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நுரை ஒரு துளிகூடத் தங்காமல் அலசுவது. அப்புறம் காய வைப்பதுதான் முக்கால் வேலை. மேல்முடி காய்ந்து விரல் நுனிக்கு உலர்ந்ததாகத் தெரியும், உள்ளே பஞ்சுமுடி சில்லென்று ஈரமாக இருக்கும், அதில்தான் பூஞ்சை பிடிக்கும். இரண்டு துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், கையை நடுவில் வைத்துச் சூடு பார்த்தபடி, வகிடு எடுத்து எடுத்துக் காய வையுங்கள். துரைக்கு 50 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லாத நாளில் குளிப்பாட்டவே தொடங்காதீர்கள்.

தரையில் கிடப்பதெல்லாம் முடியில் ஏறும்

நீள முடி ஒரு துடைப்பம் மாதிரி, வீட்டில் எது கொட்டிக் கிடந்தாலும் அள்ளிக்கொண்டு வந்துவிடும், பூனை அதை நக்கி விழுங்கும். ஃபினாயில் ஊற்றித் தரை துடைப்பதை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். அந்த வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். பீரோவில் போடும் நாப்தலின் உருண்டை, கற்பூரம், சாம்பிராணி எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் எட்டாத இடத்தில். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து சாகும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்கக் கூடாது, அரை மாத்திரைகூட உயிரை எடுக்கும்.

பூங்கொத்தில் வரும் லில்லிப் பூ வீட்டுக்குள் வரவே வேண்டாம். அதன் மகரந்தம் முடியில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். மாடித் தோட்டத்தில் செங்காந்தள் வைத்திருந்தால் அதுவும் நஞ்சு. இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: பூ கட்டும் நூல். அம்மா மல்லிகை கட்டும்போது துரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், நூல் ஆடினால் அவனுக்கு விளையாட்டு. நாக்கு முள் உள்பக்கமாக வளைந்தது என்றேன் இல்லையா, நூல் ஒருமுறை மாட்டினால் துப்பத் தெரியாமல் முழுவதும் விழுங்கிவிடும், குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலிருந்தோ பின்னாலிருந்தோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் நூல்கண்டு இப்போது மூடி போட்ட டப்பாவில்.

பால்கனிக்கு வலை கட்டாயம். புறா வராமல் இருக்கக் கட்டும் மெல்லிய நைலான் வலை 7 கிலோ பாய்ந்தால் நிற்காது, கம்பி வலை போடுங்கள். தூக்கும்போது ஒரு கை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில், மறு கை பின்பக்கத்தை முழுக்கத் தாங்கி. குழந்தைகள் அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டபடி தூக்குவார்கள், இவ்வளவு எடையில் இடுப்புக்கு அது கேடு. மெய்ன் கூனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு இயல்பிலேயே உண்டு. விளையாட்டு காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம், குச்சியில் கட்டின இறகு. விளையாடி முடித்ததும் சாப்பாடு, அப்புறம் தூக்கம், அந்த வரிசையில் போனால் நடுராத்திரி எழுப்பாது.

அன்றைய கடைசி வேலை, அவன் நன்றாகத் தூங்கின பிறகு. இந்த வகையில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வருவதுண்டு, அதற்கான மரபணு மாற்றம் ஒன்றை 2005-இல் கண்டுபிடித்தார்கள். வெளியே எதுவும் தெரியாமல் வளர்ந்து திடீரென்று கொண்டுபோய்விடும். அதற்கு எக்கோ எடுப்பது டாக்டர் வேலை, நம்மால் வீட்டில் முடிவது மூச்சை எண்ணுவது. இங்கேயும் முடி ஏமாற்றும், மின்விசிறிக் காற்றில் பிடரி அசைவதை மூச்சென்று எண்ணிவிடுவோம். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு, விலாவின் மேல் உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வையுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். ஒருநாள் கூடினால் அரைமணி கழித்து இன்னொரு தடவை எண்ணுங்கள், அப்போதும் 30-க்கு மேல் என்றால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். துரைக்கு நேற்று ராத்திரி 22. எடை எழுதுகிற அதே நாட்காட்டியில், அதற்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.